நல்ல இரவில் யாரும் தூங்குவதில்லை!

ஸ்பானிஷ் பாஷையில் 'நோச்சே' என்றால் இரவு. 'புவேனா' என்றால் நல்ல. இரண்டையும் சேர்த்து 'நோச்சேபுவேனா' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, "இதை இங்கிலீஷில் சொல், பார்க்கலாம்" என்று கேளுங்கள். அகராதியும் கையுமாக இருக்கும் எந்தப் பிள்ளையும் சற்றும் தயங்காமல் 'குட் நைட்' என்று சொல்லிவிடும்.

வேடிக்கை அங்கேதான் ஆரம்பமாகிறது. 'குட் நைட்' என்பது படுக்கப் போகிறவர்கள் சொல்லிக்கொள்வது. விளக்கை அணைக்கிற சமயத்து வார்த்தை. நோச்சேபுவேனாவோ, வருஷத்திலேயே வீட்டில் விளக்கு அணையாத ஓர் இரவு! டிசம்பர் 24-ஆம் தேதி இரவுக்குத்தான் அந்தப் பெயர். பாட்டி முதல் தவழுகிற குழந்தை வரை அன்று விழித்திருப்பார்கள். நேரம் கழித்துத்தான் இலை போடுவார்கள் என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி நடுநிசியை ஒட்டித்தான் பெரிய விருந்து. தூங்கப் போகும்போது சொல்லிக்கொள்ள அவர்களிடம் 'புவேனாஸ் நோச்சேஸ்' என்று வேறே வார்த்தை இருக்கிறது.

"அப்படியானால் 'கிறிஸ்துமஸ் ஈவ்' என்று மொழிபெயர்த்தால் தீர்ந்தது. இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். தேதியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் 'ஈவ்' என்றால் முதல் நாள். நாளைக்கு வரப்போகிற பண்டிகைக்கு இன்று காத்திருப்பது. இங்கிலீஷ் பேசும் வீடுகளில் அன்றிரவு குழந்தைகள் காலுறையைத் தொங்கவிட்டுவிட்டுச் சீக்கிரம் படுக்க வேண்டும், விடிந்தால்தான் பரிசு, மறுநாள்தான் விருந்து. ஸ்பானிஷ் பேசும் எத்தனையோ வீடுகளில் பண்டிகையே அந்த இரவுதான். மறுநாள் காலையில் மிச்சம் மீதியைச் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஓய்ந்து கிடப்பார்கள். ஆகவே 'ஈவ்' என்று மொழிபெயர்த்தவுடனே கூடத்தில் இருந்த பண்டிகை திண்ணைக்கு வந்துவிடுகிறது!

ஸ்பானிஷ்காரர்களின் பண்டிகை வார்த்தைகளை இங்கிலீஷ் ஆக்குவதில் இப்படிப் பல சங்கடங்கள் உண்டு. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சில இடங்களில் சிரித்துவிட்டுப் போக முடியாது.

யார் இந்த மொழிபெயர்ப்பாளர்?

மொழிபெயர்ப்பு என்றவுடன், மூக்குக் கண்ணாடி போட்ட பண்டிதர் ஒருவர் பெரிய மேஜையின் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இந்த விஷயத்தில் அப்படியல்ல. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நான்கு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பல வீடுகளில் பாட்டிக்கு ஸ்பானிஷ் மட்டும் வரும். பேரனுக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தான் சரளம். நடுவில் நிற்கிறவள் அம்மா. ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக் கொடுக்கிறவள் அவள்தான்.

மற்ற நாட்களில் காரியம் எப்படியோ நடந்துவிடும். ரொட்டி ரொட்டிதான், பால் பால்தான். பண்டிகை வந்தால்தான் ஆபத்து. "அம்மா, நம் வீட்டில் நாளைக்கு என்ன விசேஷம் என்று டீச்சர் கேட்டார்கள். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?" என்று பையன் வந்து நிற்பான். அம்மா அந்த நிமிஷத்தில் என்ன வார்த்தை சொல்கிறாளோ, அதுதான் பையனுடைய மனசில் அவன் வீட்டுப் பண்டிகைக்குப் பெயர். பெரிய பொறுப்பு அல்லவா?

சேவல் பூசையும் மந்திர ராஜாவும்

முதலில் தமாஷானவற்றைப் பார்த்துவிடுவோம். கிறிஸ்துமஸ் நடுநிசிப் பூசைக்கு ஸ்பானிஷில் 'மீசா தெ காயோ' என்று பெயர். 'காயோ' என்றால் சேவல். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'சேவல் பூசை'! அதை அப்படியே இங்கிலீஷில் எழுதினால், கோவிலுக்குள் சேவலுக்கு என்ன வேலை என்று படிக்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். 'நடுநிசிப் பூசை' என்று எழுதினால் ஸ்பெயினுக்கும் மெக்ஸிகோவுக்கும் சரியாக இருக்கும். ஆனால் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அதே பெயர், டிசம்பர் 16 முதல் விடியற்காலையில், நிஜமாகவே சேவல் கூவுகிற வேளையில் நடக்கும் பூசைகளைக் குறிக்கிறது. முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நாடு அது. வார்த்தையை வாங்கிக்கொண்டு வேளையை மாற்றிக்கொண்டுவிட்டது.

அடுத்தது ஜனவரி 6. குழந்தை ஏசுவைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த மூவரின் திருநாள். ஸ்பானிஷில் அவர்கள் 'ரேயெஸ் மாகோஸ்'. 'ரேயெஸ்' என்றால் ராஜாக்கள். 'மாகோ' என்ற சொல்லுக்கு இன்றைய பேச்சில் மந்திரவாதி, ஜாலக்காரன் என்று அர்த்தம். அகராதியை மட்டும் நம்பினால் 'மந்திர ராஜாக்கள்' என்று ஆகிவிடும். இங்கிலீஷ் பைபிளில் வருகிற 'ஞானிகள்' இவர்கள்தான். ஆனால் 'ஞானிகள்' என்று சொன்னால் குழந்தைகளுக்கு உற்சாகம் வருமா? ஸ்பெயினில் முதல் நாள் இரவு குழந்தைகள் தங்கள் ஜோடுகளை வெளியே வைத்துவிட்டுப் படுப்பார்கள். போர்ட்டோ ரிக்கோவிலோ ஒரு பெட்டியில் புல்லை நிரப்பிக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். ராஜாக்களின் ஒட்டகங்களுக்குப் பசிக்காதா? விடிந்து பார்த்தால் புல் போயிருக்கும், பரிசு இருக்கும். அந்தக் குழந்தைகளிடம் போய், அவர்கள் மந்திர ராஜாக்கள் அல்ல என்று வாதாட யாருக்கு மனசு வரும்? தப்பான மொழிபெயர்ப்பிலும் ஒரு நிஜம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அறுபது மைலில் மாறும் அர்த்தம்

அகராதி கைவிடுகிற இன்னோர் இடம் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே சாதாரணக் காகிதப் பைகளை எடுத்து, அடியில் கொஞ்சம் மணல் போட்டு, நடுவில் மெழுகுவத்தியை நட்டு ஏற்றி, சுவர் மேலும் கூரை ஓரத்திலும் பாதை நெடுகிலும் வரிசையாக வைப்பார்கள். மண் சுவர்களின் மேல் அந்த மஞ்சள் வெளிச்சம் விழுவது கண்கொள்ளாக் காட்சி.

அந்த விளக்குக்குப் பெயர் என்ன? ஆல்புகர்க்கி நகரத்தில் கேட்டால் 'லூமினாரியா' என்பார்கள். சுமார் அறுபது மைல் வடக்கே, ஸாண்டா ஃபே நகரத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால், "அது இல்லை! இது 'ஃபரோலீட்டோ'; சின்ன லாந்தர். லூமினாரியா என்பது விறகை அடுக்கிக் கொளுத்துகிற சொக்கப்பனை" என்று திருத்துவார்கள். வருஷா வருஷம் இந்தச் சண்டை சிரித்துக்கொண்டே நடக்கிறது. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்தவர்களும் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொள்கிறார்கள். மொழிபெயர்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?' என்பதல்ல, 'இதைச் சொல்கிறவர் எந்த ஊர்க்காரர்?' என்பது.

மொழிபெயர்க்காமல் பெயரையே மாற்றிவிடுவதும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர் மாதத்தில் இலையே பூவாகச் சிவந்து நிற்கிற செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்த ஊர் மெக்ஸிகோ. அங்கே அதற்கு 'நோச்சேபுவேனாப் பூ' என்று பெயர். இங்கிலீஷிலோ 'பாயின்செட்டியா'. 1825-இல் மெக்ஸிகோவுக்கு முதல் அமெரிக்கத் தூதராகப் போன ஜோயல் பாயின்செட் என்பவர் அந்தச் செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். பூவுக்கு அவர் பெயர் வந்துவிட்டது. ஒரு பாஷையில் புனித இரவின் பெயரைத் தாங்கிய பூ, இன்னொரு பாஷையில் ஓர் உத்தியோகஸ்தரின் பெயரைச் சுமக்கிறது! ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் நாவாட்ல் பாஷையில் அதற்கு வேறே பெயர் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூ என்னவோ எல்லாப் பெயருக்கும் ஒரே மாதிரிதான் சிவக்கிறது.

கதவைத் தட்டும் ஒன்பது இரவுகள்

இப்போது கொஞ்சம் கஷ்டமான வார்த்தைக்கு வருவோம். 'போசாதா' என்றால் சத்திரம், தங்குமிடம். மெக்ஸிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் நடக்கும் வைபவத்துக்கு 'லாஸ் போசாதாஸ்' என்று பெயர். 'சத்திரங்கள்' என்று மொழிபெயர்த்தால் சரியா?

என்ன நடக்கிறது என்று பாருங்கள். பூரண கர்ப்பிணியான மரியாளும் சூசையும் பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்த கதையைத் தெருவே நடித்துக் காட்டுகிறது. மெழுகுவத்தி ஏந்திக்கொண்டு ஒரு கூட்டம் வீட்டு வாசலில் நின்று பாட்டாகவே இடம் கேட்கும். உள்ளே இருக்கிற கூட்டம் பாட்டாகவே 'முடியாது, போங்கள்' என்று பதில் சொல்லும். வெளியே கெஞ்சல், உள்ளே மறுப்பு. அடிக்கு அடி இப்படியே போகும். கடைசியில், வந்திருப்பது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்ததும் கதவு அகலத் திறக்கும். எல்லாரும் உள்ளே போவார்கள். கொய்யாவும் கரும்பும் பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த சூடான பழரசம் கிடைக்கும். தித்திப்பு நிரப்பிக் கட்டித் தொங்கவிட்ட 'பின்யாத்தா'வைக் குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைப்பார்கள்.

போசாதாவின் உயிர் சத்திரத்தில் இல்லை. மறுப்பதிலும் திறப்பதிலும் இருக்கிறது. குளிரில் வாசலில் நின்று 'இடமில்லை' என்ற பதிலைக் கேட்ட குழந்தை, அடுத்த தடவை தன் வீட்டுக் கதவை யாராவது தட்டும்போது அதை மறந்துவிடுமா? இத்தனையையும் 'சத்திரம்' என்ற ஒரு வார்த்தையில் எப்படி அடைப்பது?

அடைக்க வேண்டாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவில் போசாதா நடக்கும் ஊர்களில் இங்கிலீஷ் அறிவிப்பிலும் 'லாஸ் போசாதாஸ்' என்றே போடுகிறார்கள். பெயரைப் பெயராக விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வரியில் நடப்பதைச் சொல்லிவிட்டால் போதும். பின்யாத்தாவும் அப்படித்தான் இங்கிலீஷுக்குள் நுழைந்தது. இன்று அமெரிக்கக் குழந்தைகளின் பிறந்த நாள்களில் அது சர்வ சாதாரணம்; அதை மொழிபெயர்த்துச் சொல் என்று யாரும் கேட்பதில்லை.

இனாமா, சம்பளமா?

போசாதா முடிந்து குழந்தைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு சின்னப் பை கொடுப்பார்கள். நிலக்கடலை, மிட்டாய், ஆரஞ்சு எல்லாம் இருக்கும். அதற்கு 'அகினால்தோ' என்று பெயர். போர்ட்டோ ரிக்கோவில் அதே சொல், வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கிறிஸ்துமஸ் பாட்டைக் குறிக்கும். இதுவரை தொல்லையில்லை.

ஆனால் மெக்ஸிகோவில் உழைக்கிற ஜனங்களுக்கு 'அகினால்தோ' என்றால் வேறொன்றுதான் முதலில் ஞாபகம் வரும்: வருஷக் கடைசியில் கைக்கு வருகிற பணம். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, குறைந்தபட்சம் பதினைந்து நாள் சம்பளத்தை டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன்னால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். 2019-இல் செய்த திருத்தம், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இது உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதை இங்கிலீஷில் எழுத வேண்டும். 'கிறிஸ்துமஸ் பரிசு' என்று எழுதலாமா? அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிசு என்பது கொடுக்கிறவரின் மனசைப் பொறுத்தது. இந்த வருஷம் கொடுக்கலாம், அடுத்த வருஷம் 'கையில் இல்லை' என்று சொல்லிவிடலாம். கொடுத்தால் வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். 'போனஸ்' என்று எழுதினால் சற்றுத் தேவலை. 'சட்டப்படி தர வேண்டிய வருஷக் கடைசிச் சம்பளம்' என்று எழுதினால் நீளமாக இருக்கும். ஆனால் அதுதான் நிஜம். ஸ்பானிஷ் தெரியாத எஜமானி அம்மாள் ஒருத்தி, மெக்ஸிகோவில் குடியிருந்துகொண்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று இங்கிலீஷில் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்தவர் போட்ட ஒரு வார்த்தையில், வேலைக்காரப் பெண்ணின் உரிமை எஜமானியின் தர்மமாக மாறிவிடக்கூடும். அந்தப் பெண்ணுக்கு அது பதினைந்து நாள் சம்பளம்!

படையலா, பூஜையா?

கடைசியாக, எல்லாவற்றிலும் அதிகமாகத் தப்பர்த்தம் செய்துகொள்ளப்பட்ட பண்டிகை. நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்ஸிகோவில் 'தியா தெ முயெர்த்தோஸ்', அதாவது இறந்தவர்களின் நாள். முதல் நாள் குழந்தையாகப் போய்விட்டவர்களுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. வீட்டில் ஒரு மேஜையை ஒழித்து, போனவர்களின் படங்களை வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வெகுதூரம் நடந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, அதற்கென்று சுட்ட ரொட்டி, அவரவருக்குப் பிடித்த பலகாரம். வழி தெரிவதற்காக ஒரு மஞ்சள் பூவை வாசல் வரை உதிர்ப்பார்கள். நம் பூக்கடைகளில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும் செண்டுமல்லிதான் அது. அந்தப் பூவுக்கும் பிறந்த வீடு மெக்ஸிகோதான்.

பக்கத்திலேயே அக்டோபர் 31-ஆம் தேதி, இங்கிலீஷ்காரர்களின் 'ஹாலோவீன்' வருகிறது. பேய் வேஷம் போட்டுப் பயமுறுத்தி மிட்டாய் வாங்குகிற நாள். இரண்டிலும் எலும்புக்கூட்டுப் பொம்மை இருக்கிறது. போதாதா? 'மெக்ஸிகோ ஹாலோவீன்' என்று சுலபமாகப் பெயர் சூட்டிவிட்டார்கள். ஒன்றில் செத்தவர்கள் வந்தால் பயம். மற்றொன்றில் வராவிட்டால்தான் பயம். மறந்துவிட்டோமோ என்கிற பயம். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவனுக்குப் பிடித்த தித்திப்பை எடுத்து வைக்கிறாள். அதைப் பேய் விளையாட்டு என்று ஒருவர் மொழிபெயர்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த மேஜைக்கு 'ஓஃப்ரெந்தா' என்று பெயர். படையல் என்று நாம் சொல்வதற்கு மிகவும் கிட்டத்தில் வருகிற சொல். இங்கிலீஷில் அநேகமாக 'ஆல்டர்', அதாவது பலிபீடம் என்று எழுதிவிடுகிறார்கள். உடனே பக்கத்து வீட்டுக்காரர், "ஓகோ, இவர்கள் செத்தவர்களைக் கும்பிடுகிறார்களா?" என்று முகம் சுளிக்கிறார். "கும்பிடவில்லை, சாப்பிடக் கூப்பிடுகிறோம்" என்று இவர்கள் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பெயரை வைத்து ஒரு பெரிய ரகளையே நடந்தது. 2013-இல் வால்ட் டிஸ்னி கம்பெனி, தான் எடுக்கப்போகும் சினிமாவுக்காக 'தியா தெ லோஸ் முயெர்த்தோஸ்' என்ற பண்டிகையின் பெயரையே வியாபார முத்திரையாகப் பதிவு செய்ய மனுப் போட்டது. எங்கள் பாட்டன் பூட்டன் கொண்டாடிய பெயருக்கு நீ சொந்தக்காரனா என்று ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். கம்பெனி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதோடு விடவில்லை, தன்னைக் கேலி செய்து கார்ட்டூன் போட்ட லாலோ அல்கராஸ் என்ற சித்திரக்காரரையே ஆலோசகராகவும் சேர்த்துக்கொண்டது. 2017-இல் 'கோக்கோ' என்ற பெயரில் படம் வெளிவந்தது. இங்கிலீஷ்ப் படம்தான். ஆனாலும் அதில் வருகிற பாட்டி, 'ஓஃப்ரெந்தா' என்றே சொல்கிறாள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, படத்தைக் காட்டி, ஏன் வைக்கிறோம் என்று சொல்கிறாள். படம் பார்த்த இங்கிலீஷ்க் குழந்தைகளுக்கு அந்த வார்த்தை புரிந்துவிட்டது.

இரண்டும் இருக்கட்டும்

அந்தப் பாட்டி செய்ததுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிகை வார்த்தை என்பது ஒரு சாமானின் பெயர் அல்ல. ஒரு வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்கிற காரியத்தின் பெயர். காரியத்தைக் காட்டிவிட்டால் பெயரை மாற்ற வேண்டியதில்லை. காட்டாமல் பெயரை மட்டும் மாற்றினால் சேவல் பூசையும் மந்திர ராஜாவும் வந்து நிற்பார்கள். அதாவது பரவாயில்லை, உரிமை தர்மமாகிவிடும், தாயின் துக்கம் பேய் விளையாட்டாகிவிடும்.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹோஸே ஃபெலிஸியானோ என்ற கண் தெரியாத பாடகர் 1970-இல் 'ஃபெலிஸ் நாவிதாத்' என்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை இயற்றிப் பாடினார். பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ். எந்தப் பாதியும் மற்றப் பாதியை விலக்கவில்லை. இன்றைக்கும் டிசம்பர் பிறந்தால் ஸ்பானிஷில் ஒரு வார்த்தையும் தெரியாதவர்கள்கூடக் கடைவீதியில் அதை முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆகையால், "நம் வீட்டில் என்ன விசேஷம், இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டு நிற்கும் பையனுக்கு அவன் அம்மா சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு: "நோச்சேபுவேனா என்றே சொல், கண்ணே. புரியாவிட்டால் டீச்சரை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. ஆனால் ஒன்று, மத்தியானமே தூங்கிவிட்டு வரச் சொல்!"